பூஜை முடியாத புத்தகங்கள்

விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்தில் ரயில்வே பார்சல் குமாஸ்தா தாண்டவராயன் வீடு 1954-லிருந்து வருஷத்துக்கு நாலு அங்குலம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. காரணம் தெருவுக்கே தெரியும். உள்ளே அறுநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள் இருந்தன, ஒன்றையும் யாரும் படித்ததில்லை. படிக்காமல் கிடக்கும் புத்தகம் எடை கூடும் என்பதை ஐப்பசியில் மழை வரும் என்பதுபோல அங்கே எல்லோரும் சொன்னார்கள். வீட்டுக்காரி கெங்கம்மாளுக்குத்தான் அது வயிற்றெரிச்சல். அந்த மனை கண்டமங்கலத்து அப்பா அவளுக்குச் சீராகக் கொடுத்தது. சுவர் எழும்பியபோது செங்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றியது அவள் கை. அவளுக்கென்று பூமியில் இருந்தது அது ஒன்றுதான், அதுவும் பூமிக்குள் போய்க்கொண்டிருந்தது.

புத்தகங்கள் வந்த வழி நேர்வழிதான். விழுப்புரம் ஜங்ஷனில் யாரும் வாங்க வராத பார்சல்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏலம் விடுவார்கள். பித்தளைப் பாத்திரத்துக்கும் சைக்கிள் டயருக்கும் ஆள் அடித்துக்கொள்ளும், புத்தகக் கட்டைக் கேட்க நாதி இருக்காது. தாண்டவராயன் கேட்பார். துப்பறியும் நாவல், கோழி வளர்ப்பு, வேதாந்தம், விஷக்கடி வைத்தியம், பாதிக்குமேல் தெலுங்குப் பெயர்கள் கொண்ட ஒரு சங்கீதப் புத்தகம் என்று எது வந்தாலும், பார்சலுக்கு ஒட்டுவதுபோல முதுகில் சீட்டு ஒட்டி நம்பர் போடுவார். பிறகு நீளமான ரிஜிஸ்தர் ஒன்றில் எதற்குப் பின் எதைப் படிப்பது என்று வரிசை எழுதுவார். டூட்டி முடிந்து வந்த சாயங்காலமெல்லாம் பதினாலாம் நம்பரைத் தொண்ணூறுக்குத் தள்ளுவதும் தொண்ணூறை முப்பதுக்கு இழுப்பதுமாகப் போகும். ரிட்டையர் ஆனதும் ஒண்ணாம் நம்பரில் ஆரம்பிப்பதாக ஏற்பாடு. படிக்கிற மனுஷன் என்று தெருவில் பெயர் வாங்கிவிட்டார். பெயர் வாங்குவதற்குப் படிக்க வேண்டியதில்லை.

கெங்கம்மாள் ஐந்தாவது வரை படித்தவள். மளிகை கட்டி வந்த தாளைக்கூட விரித்து எழுத்துக்கூட்டாமல் அடுப்பில் போடமாட்டாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் அலமாரியில் கை வைத்தபோது தாண்டவராயன் பதறிப்போனார். "நான் படிக்காதத நீ முன்னாடி படிச்சிட்டா வரிசை இன்னாத்துக்கு ஆவறது?" என்றார். வைக்கோற்போரில் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது. அந்த நாய்க்காவது ரிஜிஸ்தர் எழுதத் தெரியாது.

1954 சரஸ்வதி பூஜைக்கு அத்தனை புத்தகத்தையும் கூடத்துச் சுவரோடு அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். பூஜையில் வைத்ததை அன்றைக்குப் படிக்கக்கூடாது. மறுநாள் காலை எடுத்து ஒரு பக்கமாவது படித்தால்தான் பூஜை முடியும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். மறுநாள் காலை தாண்டவராயன் எந்தப் புத்தகத்தை எடுப்பது என்று ரிஜிஸ்தரைப் புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார், டூட்டிக்கு நேரமாகிவிட்டது. சாயங்காலம் வந்து, பூஜை முடியாததால் யாரும் எதையும் தொடக்கூடாது, முடிக்கிறவரை தினம் விளக்கேற்று என்று சொல்லிவிட்டார். நாளைக்கு முடிக்கிறேன் என்றார். நாளை வரவில்லை. அன்றிலிருந்துதான் எடை கூட ஆரம்பித்தது. தான் தொடக்கூடாத புத்தகங்களுக்குக் கெங்கம்மாள் ஆறு வருஷம், வீட்டில் எண்ணெய் இல்லாத நாளில்கூடக் கடன் வாங்கி ஊற்றி, விளக்கேற்றினாள். கையெடுத்துக் கும்பிட்டாள் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வருஷம் வாசலுக்கு ஏறுகிற படிகள் போய், இறங்குகிற படி வெட்ட வேண்டியதாயிற்று. முனிசிபாலிட்டி ஓவர்சியர் வந்து அளந்து, "கீழ் நோக்கிக் கட்டுவதற்குத் தடை இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த அவள் தம்பி பெரியதம்பி கேள்விப்பட்டு மாட்டுவண்டியோடு வந்தான். "நாலு நாலா கழிச்சிடலாம்கா, மாமாவுக்குத் தெரியவா போவுது?" என்றான். எட்டு ஆள் சேர்ந்து நாலு புத்தகத்தை வண்டியில் ஏற்றினார்கள். விக்கிரவாண்டியில் அச்சு முறிந்தது. அங்கேயே ஒரு மண்டித் தராசில் ஏற்றிப் பார்த்ததில், கோழி வளர்ப்புப் புத்தகம் மட்டுமே ஐந்து மூட்டை மல்லாட்டைக்குச் சரியாக நின்றது. அன்று மாலையே 203 முதல் 206 வரை இல்லையென்று கண்டுபிடித்த தாண்டவராயன், சோறு உண்ணாமல் படுத்துக்கொண்டார். நாலு வண்டியில் நாலு புத்தகமும் திரும்பி வந்தன.

1960 ஐப்பசி மழையில் தெருத்தண்ணீர் முழுக்கப் பள்ளத்து வீட்டுக்குள் இறங்கியது. சாக்கடையும் சேர்ந்து முழங்கால் அளவு. அடுப்பு கரைந்து, கேப்பைமாவுப் பானை மிதந்து போயிற்று. தாண்டவராயன் டூட்டியில் இருந்தார். புத்தகங்களையாவது காப்பாற்றலாம் என்று கெங்கம்மாள் ஒண்ணாம் நம்பரைத் தூக்கப் பார்த்தாள். அம்மிக்கல்லாவது அசையும், அது அசையவில்லை. அப்போது வந்த கோபம் ஆறு வருஷத்துக் கோபம். "தாயே, கோவிச்சுக்கினா கோவிச்சுக்கோ, எனக்கும் கோவம் இருக்குது" என்று சொல்லி, அடுக்கில் இருந்தபடியே அட்டையைத் திறந்தாள். தூக்க முடியாத புத்தகம் திறக்க மட்டும் லேசாகத் திறந்தது. காணாமல் போன வைர வியாபாரியைப் பற்றிய துப்பறியும் கதை. நின்றபடியே படித்தாள். இருபதாம் பக்கத்தில் புத்தகம் கையோடு வந்தது. நூறாம் பக்கத்தில் எடை தெரியவில்லை. சாயங்காலம் கொலைகாரன் பிடிபட்டதும் அது அவள் கையை விட்டு எழும்பி உத்தரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு அவள் விளக்கேற்றவில்லை. பூஜை முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த தாண்டவராயன் வெள்ளத்தைப் பார்க்கவில்லை, உத்தரத்தைத்தான் பார்த்தார்.

"பூஜையில இருக்கிறத எவ தொட்டது?"

"நான்தான் தொட்டேன். பூட்டி வெச்சிக்கினு ஊட்டையே முழுவ உட்டீங்களே, அதக் கேக்க ஆளில்ல. இது எங்கப்பன் குடுத்த மனை. இனிமே தொடுவேன், படிப்பேன், உங்களால ஆனதப் பாருங்க."

அவரால் ஆனது, பார்சல் ஆபீஸ் பூட்டு ஒன்றும் சங்கிலியும் கொண்டுவந்து அடுக்கைச் சுற்றிக் கட்டியது. அந்த வாரத்தில் மட்டும் வீடு ஒரு சாண் இறங்கியது. வாசற்கதவு மண்ணில் சிக்கித் திறக்காமல், பதினெட்டு வருஷ சர்வீஸில் முதல் தடவையாக டூட்டிக்குப் போகாமல் நின்றார். தெரு கூடி ஓடுகளைப் பிரித்து அவரை மேலே தூக்கியது. மறுநாள் பூட்டைத் தானே கழற்றினார், ஆனால் மூன்று மாதம் பேசவில்லை. அதன்பிறகு அடுக்குப் பக்கமே திரும்பாமல் ரிஜிஸ்தரில் மட்டும் வரிசையை மாற்றிக்கொண்டிருந்தார். அது கெங்கம்மாளுக்குப் படிக்க வசதியாக இருந்தது.

ஐந்து வருஷம் படித்தாள். சங்கீதத்தையும் விஷக்கடியையும் விடவில்லை. வேதாந்தத்தில் பாதி புரியவில்லை, அதற்காக அது எடை குறையாமல் இருக்கவில்லை. படித்து முடித்ததைக் கழித்துவிடுவது என்று முடிவு செய்து, பத்துப் பத்தாகச் சணலில் கட்டிப் பாசஞ்சர் ரயில் ஜன்னல் கம்பியில் முடிந்துவிடுவாள். அவை வண்டிக்கு மேலே மிதந்தபடி திண்டிவனம் போகும். எடை இல்லாததால் லக்கேஜ் சார்ஜ் கேட்க வழியில்லை என்று டிக்கெட் பரிசோதகரே சொல்லிவிட்டார். பெரியதம்பி மனைவி வெள்ளையம்மாள் அவற்றை மண்டித் தூணில் கட்டிவைப்பாள். மல்லாட்டை உடைக்க வரும் பெண்கள் வேண்டியதைத் துரட்டியால் இழுத்துக்கொள்வார்கள். படித்தவர்கள் தங்களிடம் இருந்ததைப் பதிலுக்கு அனுப்பினார்கள். அவற்றுக்காகக் கெங்கம்மாளும் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு வரிசை எழுதினாள், எழுதிய வரிசைப்படியே படித்தாள். வீடு அங்குலம் அங்குலமாக மேலே வந்தது. 1965 ஆனி மாதம் வாசற்படி தெருவுக்குச் சமமாக நின்ற அன்று அறுநூற்றுப் பன்னிரண்டாவதும் ரயிலேறியது.

அதே மாதம் தாண்டவராயன் ரிட்டையர் ஆனார். கழுத்து மாலையோடு வந்து ஈசிசேரில் சாய்ந்து, ரிஜிஸ்தரை மடியில் வைத்துக்கொண்டு, ஒண்ணாம் நம்பரை எடுத்து வரச் சொன்னார்.

"அது திண்டிவனத்துல இருக்குது. எல்லாமே அங்கதான் இருக்குது."

அவர் எழுந்து சண்டைக்கு வர நினைத்தார், முடியவில்லை. அவருடையதென்று வீட்டில் மிஞ்சியிருந்தது மடியில் இருந்த ரிஜிஸ்தர் ஒன்றுதான். எழுதி, அடித்து, திருத்தியதே தவிர முதலிலிருந்து கடைசிவரை அதையும் யாரும் படித்ததில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டின் பாரமும் அதில் இறங்கியிருந்தது. பெரியதம்பி நாலு ஆளோடு வந்து தூக்கிப் பார்த்துத் தோற்று, "நீங்களே படிச்சிட்டா எறங்கிடும், மாமா" என்றான். தாண்டவராயன் திறந்தார். இரண்டாம் பக்கத்தில் குறட்டை விட்டார். மறுநாளும் இரண்டாம் பக்கம், அதற்கு மறுநாளும் இரண்டாம் பக்கம். நாலாம் நாள் தலையைக் குனிந்துகொண்டு, "எப்பவுமே இப்படித்தான் கெங்கா. எந்தப் புத்தகத்தத் தொறந்தாலும் ரெண்டு பக்கத்துக்கு மேல கண்ணு சொக்கிடுது" என்றார்.

கெங்கம்மாள் கையிலிருந்த புத்தகத்தை மூடினாள். இதற்காகவா ஆறு வருஷம் விளக்கு, இதற்காகவா சாக்கடைத் தண்ணீர். அன்று வந்த கோபத்துக்கு அழுகையும் துணைக்கு வரவில்லை.

"நீயாவது படிச்சு எறக்கி உடேன்" என்றார் அவர்.

"படிக்கிறேன். வரிசைன்னு ஒண்ணு இருக்குது இல்ல?" என்று காலண்டர் தாளை எடுத்து, நானூற்றுப் பதினேழாவது வரியில் ரிஜிஸ்தரின் பெயரை எழுதிக்கொண்டாள்.

வீடு அதற்குப் பிறகு இறங்கவில்லை. ஈசிசேர் மட்டும் வருஷத்துக்கு நாலு அங்குலம் இறங்குகிறது. 1968 கடைசியில் அவர் மடி தரைமட்டத்துக்கு வந்துவிட்டது, அவளும் முந்நூற்றுப் பத்து வரை வந்திருந்தாள். வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள். முன்னைவிடக் கொஞ்சம் குனிந்து போட வேண்டியிருக்கிறது.