நாலாவது டயர்

ஒரு முழம்கூட இல்லாத காருக்கு டயர் ஒட்டுவதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு தடவை ஒட்டிப் பார்க்க வேண்டும். விரலும் டயரும் சேர்ந்து ஒட்டிக்கொண்டதும் வாய் தானாக அடங்கும். ரிமோட் கார் சங்கத்தில் அப்படி அடங்கிப்போன பன்னிரண்டு பேருக்கும் தையல்காரர்தான் டயர் ஒட்டிக் கொடுப்பார். பந்தயத்தில் தன்னோடு மோதுகிறவருக்கும் அவரே ஒட்டுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், வேலை சுத்தமாக இருந்ததே!

புது டயரில் எண்ணெய்ப் பிசுக்கு கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, டயரின் ஓரத்தை அழுத்தித் துடைக்க வேண்டும். உள்ளே ஸ்பாஞ்சு வளையத்தைத் திணித்து, ஓரத்தைச் சக்கரத்தின் பள்ளத்தில் உட்கார வைத்து, சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, இடுக்கில் சொட்டுச் சொட்டாகப் பசை விட வேண்டும். துடைக்காமல் விட்டாலும் பசை ஓடும். ஒட்டியது போலவே இருக்கும். வேகமாக வளைவில் திரும்பும்போதுதான் குட்டு உடையும்.

ஞாயிற்றுக்கிழமை உடைந்தது. தையல்காரரின் தங்கை கணவர் பஸ் டிரைவர். நாலு வருஷமாக இரண்டாவதாகவே வந்து அலுத்துப்போனவர், இறுதிப் பந்தயத்தில் முதலில் ஓடிக்கொண்டிருந்தார். முடிய ஒரு சுற்று இருக்கும்போது அவர் காரின் பின் டயர் ஒன்று கழன்று, தனியாக உருண்டு ஓடியது. பின்னால் வந்த தையல்காரர் ஜெயித்தார்.

"அவ்ளோ பெரிய பஸ்ஸ ஓட்டறவரு இத்துனூண்டு கார்ல கோட்டை விட்டுட்டாரே!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். டிரைவரும் சிரித்தார். தையல்காரர் மட்டும் அந்த டயரைப் பொறுக்கி, யாருக்கும் காட்டாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் கடையில், தையல் மெஷின் விளக்கின் கீழே வைத்துப் பார்த்தார். துடைத்து ஒட்டிய டயர் பிய்ந்தால் ரப்பர் கிழியும். இதில் ஒரு கிழிசல் இல்லை. ஓரம் முழுக்க வழுவழுவென்று இருந்தது. இதைப் படிக்கத் தெரிந்த ஆள் அந்தச் சங்கத்திலேயே அவர் ஒருவர்தான்.

பந்தயத்துக்கு முந்தின வியாழக்கிழமை, டிரைவர் காருக்கு மூன்று டயர் ஒட்டி முடித்திருந்தபோதுதான் தங்கை போன் செய்திருந்தாள்.

"அண்ணே, இந்தத் தடவையாவது அவர் ஜெயிக்கட்டும்ணே. நீ கொஞ்சம் மெதுவா ஓட்டினா என்ன குறைஞ்சா போயிடுவே? தோத்துட்டு வந்தா அவர் முகத்தைப் பாக்க முடியல. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதே."

"விட்டுக்கொடுத்து வாங்கினா அதுக்குப் பேரு ஜெயிப்பா?" என்று சுள்ளென்று விழுந்து, போனை வைத்துவிட்டு நாலாவது டயரை எடுத்தார். ஸ்பாஞ்சு வைத்தது நினைவிருந்தது. ரப்பர் பேண்ட் போட்டது நினைவிருந்தது. பஞ்சைத் தொட்டது மட்டும் நினைவில் இல்லை. கோபத்தில் மறந்தாரா? இல்லை, மூன்று டயரைத் துடைத்த கை நாலாவதில் வேண்டுமென்றே பேசாமல் இருந்துவிட்டதா? ஜெயிக்க அவருக்கும் ஆசை இருந்தது. அதைத் தனக்குத் தானே மறைக்க முடியவில்லை. கழன்ற டயரைப் பார்த்ததிலிருந்து இரண்டு நாள் தூக்கம் கெட்டு, யாரோ ஒருவர் சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டி வைத்தார்.

டயரைக் குப்பையில் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். மனசு கேட்கவில்லை. புதன்கிழமை டிரைவர் நாலு புது டயரோடு கடைக்கு வந்து, அவற்றை மேஜையில் வைத்தார்.

"மாப்பிள்ளை, உட்காருங்க" என்று பழைய டயரை எடுத்துப் பக்கத்தில் வைத்தார் தையல்காரர். "இதைத் துடைக்காம ஒட்டிட்டேன். நீங்க தோத்தது என்னாலதான்."

டிரைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட, இதுக்கா இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? நான்தான் வளைவுல ஒடிச்சுத் திருப்பிட்டேன்னு நெனச்சேன். விடுங்க மச்சான். நானே ஒரு நாள் ஸ்டாப்புல நிறுத்தாம போயிருக்கேன். ஒரு அம்மா திட்டின திட்டு இருக்கே, இன்னும் காதுல கேக்குது." சிரித்து முடித்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார். "ஆனா நீங்க மறக்கற ஆளில்லையே. என்ன ஆச்சு?"

என்ன ஆச்சு என்று சொன்னால் தங்கை மாட்டிக்கொள்வாள். மனைவி தனக்காகக் கெஞ்சினாள் என்று தெரிந்தால் இந்த மனிதர் கூனிக்குறுகிப் போவார். தையல்காரர் பழைய டயரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சத்தியமா வேணும்னு செய்யல மாப்பிள்ளை."

டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். "வேணும்னு செஞ்சீங்கன்னு நான் நெனைக்கவே இல்லையே மச்சான்."

தையல்காரர் இன்னொரு தடவை சத்தியம் செய்திருக்கலாம். தனக்கே நிச்சயமாகத் தெரியாததை எப்படி அடித்துச் சொல்வது? டிரைவர் புது டயர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். குரலில் கோபம் இல்லை, மரியாதையும் குறையவில்லை.

"இந்தத் தடவை நானே ஒட்டிப் பாக்கறேன் மச்சான். ஸ்பிரிட் எந்தக் கடையில வாங்கறீங்க?"

தையல்காரர் கடைக்கு வழி சொன்னார்.