மாடி: காலி

1

இந்தக் கதையில் முதலில் எழுதப்பட்ட சொல் 'காலி'. எழுதியது நான்தான், ஆனால் கதைக்காக இல்லை. பகலில் நான் திருச்சி கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் கட்டடங்களுக்குப் பிளான் போடுகிறவன். சாயங்காலம் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் எழுத்தாளன். தீபாவளிக்கு முந்தின மாதம் முழுக்கப் பட்டாசுக் கடை லைசென்ஸுக்கு வரைவதே வேலை. அப்படித்தான் ஷரீபா வந்து உட்கார்ந்தார். பெரிய கடைவீதிக்குப் பின்சந்தில் சொந்தக் கட்டடத்தில் வளையல் கடை வைத்திருப்பவர். தீபாவளிக்குப் பட்டாசும் விற்பார். கடைக்கு மேலே குடித்தனம் இருந்தால் பட்டாசு விற்க அனுமதி கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"மாடியில என்ன போடட்டும்மா?"

"காலின்னு போடுங்க தம்பி."

போட்டேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

2

தொடக்கம் ஒன்று: 'காவிரிப் பாலத்தின் மீது மழை மெல்ல' (வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லோரும் பாலத்தில் ஏறிவிடுகிறார்கள்.)

தொடக்கம் இரண்டு: 'ஷரீபாவின் கடைக்கு மேலே யாரும் இல்லை. ஆகவே அந்த வருடம்...'

இந்த இரண்டாவதை நாலு பக்கம் ஓட்டினேன். ஆள் குறைவு, கதை லேசாகப் போனது. அப்புறம்தான் உறைத்தது. பிளானில் செய்த வேலையையே கதையிலும் செய்திருக்கிறேன். மாடியில் சித்ராதேவி இருக்கிறாள். அவள் புருஷன் மாத்ருபூதம் இருக்கிறான். பைக்கிலிருந்து விழுந்து, தொடையில் பிளேட் வைத்து, ஆறு வாரமாகப் படி இறங்க முடியாமல் கிடக்கிறான்.

(சித்ராவை முதலில் சண்டைக்காரியாக எழுதினேன். அப்படியென்றால் ஒரே வரியில் 'முடியாது' என்று கதையை முடித்துவிடுவாள். அவள் அப்படிப்பட்டவள் இல்லை, அதுதான் தொல்லை.)

3

ஷரீபா ஆட்டுக்கால் சூப்போடு மேலே வந்தார். எலும்பு கூடட்டும் என்று தினமும் கொண்டுவருவதுதான். விபத்தன்று சித்ரா வேலையிலிருந்து ஓடி வருவதற்குள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். என்ன உறவு என்று கேட்ட இடத்தில் 'அக்கா' என்று எழுதியிருந்தார்.

"சித்ரா, புதன்கிழமை பதினோரு மணிக்கு ஃபயர் ஆபீசர் பார்க்க வராரு. வீட்டைக் காலி பண்ணிட்டேன்னு ஒரு லெட்டர் குடுத்துடும்மா. நீ கதவைப் பூட்டிட்டுக் கீழ வந்து நின்னுக்க. அரை மணி நேரம் தம்பி சத்தம் காட்டாம இருந்தாப் போதும்."

"அதுக்கப்புறம் பட்டாசு வந்து எறங்கிடுமேக்கா."

"பதினஞ்சு நாளுதான். போன வருஷமும் இருந்துச்சு. ஏதாவது ஆச்சா?"

"போன வருஷம் இவரு ஓடுவாரு."

ஷரீபா தூக்கின் மூடியைத் திருகித் திருகி மூடினார். "இந்த சீசன் போச்சுன்னா கடையை இழுத்து மூடிட்டு சவுதியில மவன்கிட்ட, தம்மாமுக்குப் போயிட வேண்டியதுதான். ஒன்னைப் பயமுறுத்தறதுக்காகச் சொல்லலை."

ஆஸ்பத்திரிக் கையெழுத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சித்ராவுக்குக் கோபமாவது வந்திருக்கும்.

4

(இந்தப் பகுதியில் ஒரு தீ இருந்தது. தீயணைப்பு வண்டி சந்துக்குள் வந்தது. வந்தவர்கள் கையில் நான் வரைந்த பிளான். அதைப் பார்த்துவிட்டு, மாடியில் யாரையும் தேடாமல்... இதை எழுதிவிட்டு எனக்கே உட்கார முடியவில்லை. மொத்தத்தையும் எடுத்துவிட்டேன். இப்போது இந்தப் பகுதி காலி.)

5

திங்கட்கிழமை சித்ரா என் கடைக்கு வந்தாள். லெட்டர் டைப் செய்ய வேண்டும் என்றாள்.

"அனுப்புநர் விலாசம் சொல்லுங்க."

கதவு எண்ணைச் சொன்னாள், சந்தின் பெயரைப் பாதி சொன்னாள், நிறுத்தினாள். "அந்த வீட்ல இல்லைன்னு அந்த வீட்டு விலாசத்துலேர்ந்தே எழுதணுமாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

"பிளான்ல மாடியைக் காலின்னு போட்டது யாரு?"

"நான்தாங்க."

"ஆளு காலின்னு சொல்வாங்கல்ல, அந்தக் காலியா?"

பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். வெட்கமாக இருந்தது. அவள் கையெழுத்துப் போடாமலேயே அதை நாலாக மடித்து ஹேண்ட்பேகில் வைத்துக்கொண்டு போனாள்.

(அவள் சொல்லி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இனி வருவதை நானாகக் கட்டுகிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.)

6

புதன்கிழமை. அதிகாரி ரெங்கராஜ் நல்ல மனிதர். (கெட்டவராக எழுதிப் பார்த்தேன்; அவரை ஏமாற்றுவது ரொம்பச் சுலபமாகிவிட்டது.) மணல் வாளியைப் பார்த்தார், தீயணைக்கும் சிலிண்டரில் தேதி பார்த்தார், பின்வாசலைத் தானே திறந்து மூடினார். சித்ரா வளையல் வாங்க வந்தவளைப் போல நின்றாள். வீட்டுச் சாவி அவள் உள்ளங்கையில் பதிந்து கிடந்தது.

"மாடியில?" என்று பிளானைப் பார்த்தபடியே கேட்டார்.

ஷரீபா வாய் திறப்பதற்குள் மேலே குக்கர் விசில் அடித்தது.

மாத்ருபூதத்துக்குப் பசி. அல்லது, நொண்டி நொண்டிப் போய், பெண்டாட்டி களைத்து வருவாளே என்று சோறு வைத்திருக்கிறான். எது என்று நான் முடிவு செய்யவில்லை. நொண்டி நொண்டித்தான் போயிருப்பான், அது நிச்சயம்.

ரெங்கராஜ் தலையை நிமிர்த்தினார். நான் செய்யாததை அவர் செய்தார். ஷரீபாவைப் பார்த்தார். ஷரீபா சித்ராவைப் பார்த்தார்.

"யாரும்மா மேல?"

7

முடிவு அ: 'பக்கத்து வீட்டு குக்கருங்க' என்று சொல்லி லெட்டரை நீட்டுகிறாள். பதினைந்து நாளும் கண்ணை மூடவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருடமும் அதே பிளான்.

முடிவு ஆ: 'எங்க வீட்டுக்காரருங்க' என்கிறாள். லைசென்ஸ் இல்லை. ஷரீபா ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாளும் சூப் வருகிறது. அதைக் குடிக்கக் கொடுக்கத்தான் சித்ராவுக்குக் கை வரவில்லை.

முடிவு இ: நாலாம் பகுதி. (எழுத மாட்டேன்.)

இந்த மூன்றில் எதையும் என்னால் வைக்க முடியவில்லை. ஒன்று மட்டும் செய்தேன். அந்தப் பிளான் இன்னும் என் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. மாடிக் கட்டத்தில் இருந்த சொல்லை அழித்துவிட்டேன். அவள் அங்கே நிற்கிறாள், இரண்டாவது விசில் வரப்போகிறது, கட்டத்தில் ஒன்றும் இல்லை. தீப்பிடித்தால் வருகிறவர்கள் அதைத்தான் படிப்பார்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்தத் தடவை தலையை நிமிர்த்தி, உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கிறேன்.

மாடியில என்ன போடட்டும்?