வஹாபின் எடைக்குக் காற்று

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல, கூப்பிட்டுக் கொடுத்தார்கள். சனிக்கிழமை பிற்பகல் மாடியில் வேறொரு கதையின் மூன்றாவது பக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு ரிஃப்கா படியில் நின்று குரல் கொடுத்தாள்.

"அக்கா, சும்மாத்தானே எழுதிக்கிட்டு இருக்கீங்க? கொஞ்சம் இறங்கி வாங்க. இன்னும் ரெண்டு கை வேணும்."

அந்தச் 'சும்மா'வுக்கு எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் இறங்கினேன். அந்த மூன்றாவது பக்கத்திலிருந்து தப்பிக்க இழவு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாலும் போயிருப்பேன்.

கூடத்தில் பழைய பாயை விரித்து, அதன்மேல் ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியிருந்தாள். அவள் கணவர் அப்துல் வஹாபின் சைக்கிள். அவருக்குச் சார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை. கூட இருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போனதை, போன லீவில் கழற்றிப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்தார். மலையில் ஓட்டுகிற சைக்கிளாம். கூத்தாநல்லூரில் மலைக்கு எங்கே போவது? எங்கள் பக்கத்தில் மேடு என்றால் ஆற்றுக் கரைதான். அதில் ஏறி இறங்கியே லீவு முழுவதையும் கழித்தார் மனிதர்.

வரும் வியாழக்கிழமை மறுபடி வருகிறார். அந்தச் சைக்கிளில் சீட்டுக்குக் கீழே ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றை அடைத்த ஷாக் அப்சார்பர் இருக்கிறது. இரண்டு வருஷம் சும்மா கிடந்ததில் காற்று இறங்கி, கை வைத்தால் பொத்தென்று அமுங்கியது. புது ரப்பர் வளையங்களையும் அதற்கென்றே உள்ள சின்னப் பம்பையும் ஊருக்கு வந்த ஒருவரிடம் ஏற்கெனவே கொடுத்து விட்டிருந்தார், தான் வந்து மாட்டிக்கொள்வதாக. ரிஃப்காவுக்குப் பொறுக்கவில்லை. தையல் மிஷினைத் தானே பிரித்து மாட்டுகிறவள் அவள்.

2

கதையை எப்படித் தொடங்குவது என்று பார்த்தேன்.

"பச்சைப் பசேலென்ற வயல்களுக்கு நடுவே ஒரு மலை சைக்கிள்" (அடித்துவிட்டேன். அறுப்பு முடிந்து வயலெல்லாம் வெறும் நெல்தாள் கட்டைதான் நிற்கிறது. பொய் சொல்லலாம்தான், முதல் வரியிலேயே வேண்டாம்.)

"கணவன் வரும் நாளை எண்ணி எண்ணி ஏங்கிய ரிஃப்கா" (இதை அவளிடமே வாசித்துக் காட்டினேன். யார் ஏங்கியது என்று கேட்டாள். தைக்க வேண்டிய ஜாக்கெட் மலையாகக் குவிந்து கிடக்கிறதாம், ஏங்க நேரமில்லையாம்.)

"காற்று என்பது" (சீ.)

3

காற்றடைத்த சாமான் என்றதும் நான் ஒரு விபத்துக்குத் தயாராகிவிட்டேன். கதை எழுதுகிறவர்களின் புத்தி அப்படி. உள்ளே காற்று மிச்சமிருக்கும்போது மேலுறையைத் திருகினால் அது தெறித்துப் பாயும் என்று அவள் பார்த்த வீடியோவில் எச்சரித்திருந்தார்களாம். கேட்டவுடனே மனசுக்குள் ஒரு வாக்கியம் ஓடியது: உறை தெறித்து ரிஃப்காவின் நெற்றியில்

(அதோடு நிறுத்திவிட்டேன். பாவம், அந்தப் பெண் என்ன செய்தாள் எனக்கு?)

நடந்தது இவ்வளவுதான். போல்ட்டுகளைக் கழற்றி ஷாக்கை வெளியே எடுத்தாள். வால்வை மெல்ல அழுத்திக் காற்றை விட்டாள். உஸ்ஸென்ற சத்தத்தோடு கொஞ்சம் எண்ணெயும் வந்தது. ஷாக்கை அமுக்கி இழுத்து, வால்வை மறுபடியும் அழுத்தினாள். ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்த பிறகும் முகத்துக்கு நேரே பிடிக்காமல் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் ஒரு முனையைப் பிடிக்க, அவள் வழுக்காமலிருக்கப் பழைய சைக்கிள் டியூபை உறைமேல் சுற்றித் திருகினாள். கழன்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் கதை போயிற்று.

உள்ளே கிரீஸ் கருத்துப்போயிருந்தது. பழைய வளையங்களைக் கம்பியால் நெம்பினால் உலோகத்தில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியாகக் காற்று கசியும். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி அதன் முனையால் எடுத்தாள். எல்லாவற்றையும் துடைத்து, புது வளையங்களுக்குக் கிரீஸ் தடவி உட்கார வைத்தாள்.

[அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: கிரீஸுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் தடவலாமே என்று நான் ஒரு யோசனை சொன்னேன். அவள் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.]

4

உறையை மூடி ஷாக்கைச் சைக்கிளில் மாட்டியாயிற்று. இனிக் காற்று அடிக்க வேண்டும். எவ்வளவு அடிப்பது? ஏறி உட்காருகிறவரின் எடைக்குத் தக்கபடியாம். கனத்த ஆளுக்குக் கூடுதல், இளைத்த ஆளுக்குக் குறைவு. போன லீவில் அவர் எழுபத்தாறு கிலோ. இப்போது எவ்வளவோ? ரிஃப்கா வீடியோவில் கூப்பிட்டாள். அவர் முகத்தைக் காட்டாமல் குரலில் மட்டும் வந்தார்.

"மச்சான், எத்தனை கிலோ?"

"முப்பது. கையில ஏழு."

வளைகுடாக்காரர்களுக்குக் கிலோ என்றால் பெட்டிதான். விமானத்தில் விடுகிற கணக்குக்குப் பெட்டியைத் தூக்கித் தூக்கி எடை போடுவார்கள். தூக்குகிற ஆளை யாரும் போடுவதில்லை. நான் சிரித்துவிட்டேன். ரிஃப்காவும் சிரித்துக்கொண்டே, பெட்டியைக் கேட்கவில்லை, உங்களைக் கேட்கிறேன் என்றாள்.



"அறுபத்திரண்டு," என்றார்.

அவள் சிரிப்பு நின்றது. என்ன ஆச்சு என்று கேட்பதற்குள் போன் கட்டாகிவிட்டது. திரும்பப் போட்டாள், பிஸி. மறுபடியும் போட்டாள், பிஸி.

5

கதாசிரியருக்கு இது வசதியான இடம். முடிவுகளை வரிசையாக அடுக்கலாம். ஒன்று, அவருக்குச் சர்க்கரை. இன்னொன்று, வேலை போய்ப் பட்டினி கிடக்கிறார். இன்னொன்று

(எழுத மாட்டேன். ரிஃப்கா எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதெல்லாம் வராது.)

பம்பு அவள் மடியில் கிடந்தது. ரம்ஜானுக்குப் பிறகு அவர் வீடியோவில் வரவே இல்லையாம். கேமரா ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"ஆளுக்கு என்னமோ இருக்குக்கா. அதான் மூஞ்சியக் காட்டல. நான் ஒரு மடச்சி, நம்பிக்கிட்டு இருந்திருக்கேன்."

நெட்வொர்க்காக இருக்கும் என்றேன் நான். இத்தனை வருஷம் எழுதி, ஒருத்திக்குச் சொல்ல எனக்குக் கிடைத்த வசனம் அதுதான்.

அப்புறம் அவரே கூப்பிட்டார். இந்தத் தடவை முகம் தெரிந்தது. கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"விசா புதுப்பிக்க மெடிக்கல் எடுத்தாங்க. நெஞ்சு எக்ஸ்ரேல ஏதோ நிழல் தெரியுதுன்னுட்டாங்க. மறுபடி மறுபடி டெஸ்ட்டு. இப்ப ஆஸ்பத்திரிலேர்ந்துதான் கூப்பிட்டாங்க, அதான் கட் பண்ணேன். ஒண்ணும் இல்லையாம் ரிஃப்கா. சுத்தமா ஒண்ணும் இல்லையாம்."

ரிஃப்கா அல்ஹம்துலில்லாஹ் என்றாள். பிறகு திட்டத் தொடங்கினாள். இவ்வளவு நாள் மறைத்ததற்கு ஒரு திட்டு, சோறு தண்ணி இறங்காமல் கிடந்ததற்கு ஒரு திட்டு, கேமராவுக்குத் தனியாக ஒன்று. அவர் வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த நிழல் நோய்தான் என்று ஆகிவிட்டால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று வருவதற்கு மட்டும்தான் டிக்கெட் எடுத்திருந்தாராம். இனித் திரும்பப் போகவும் எடுக்க வேண்டும் என்றார். போனை வைத்த பிறகுதான் அவள் அழுதாள். நானும் அழுதேன், எதற்கு ஒளிக்க வேண்டும்? அப்பாடா என்றிருந்தது.

"நோயின்னா இங்கேயே இருந்திருப்பாங்க. நல்லா இருக்காங்க, அதனால திரும்பிப் போவாங்க," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போகட்டும்க்கா. போற அளவுக்கு நல்லா இருந்தாப் போதும்."

6

பம்பை நான் வாங்கிக்கொண்டேன். அறுபத்திரண்டு கிலோவுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு அடிக்க ஆரம்பித்தேன். பம்பிலிருந்த அளவு முள் ஏறியது. அந்த இடம் வந்ததும் நிறுத்தினேன்.

"நிறுத்தாதீங்க. எழுபத்தாறுக்கே அடிங்க."

இப்போதிருக்கிற எடைக்கு அது கல்லு மாதிரி இருக்கும், ஏறி உட்கார்ந்தால் அசையக்கூட அசையாது என்றேன்.

"கல்லாவே இருக்கட்டும். லீவு முடியறதுக்குள்ள சோறு போட்டு நான் அமுக்கிக் காட்டுறேன்."

அடித்தேன். கை ஓய்ந்துபோயிற்று. காற்று கசியாமல் நின்றது.

இன்று செவ்வாய்க்கிழமை. இதுவரை எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வந்து இறங்குவதையும், ஆற்றுக் கரையில் குலுங்கிக் குலுங்கிப் போவதையும், இவள் சோற்றுத் தட்டோடு பின்னால் நிற்பதையும் அரைப் பக்கத்துக்கு அழகாக எழுதி வைத்திருந்தேன். அதைக் கையிலிருந்து பிடுங்கி நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

"முடிவையெல்லாம் இப்பவே எழுதிப்புடாதீங்கக்கா. ஆள் வந்து சேரட்டும்."

வழக்கமாக இந்த இடத்தில் முடிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நான் நழுவ வேண்டும். கொடுக்கப்போவதில்லை. வியாழக்கிழமை வரைக்கும் நீங்களும் மனசுக்குள்கூட முடித்துவிடாதீர்கள்.