ஊட்டுக்காரரும் எட்டாம் பக்கமும்

1

இந்தக் கதை ஒரு வாசகர் கடிதத்திலிருந்து வந்தது. அதை எழுதியவன் நான்தான். இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் திருப்பம் வைத்ததாக நினைப்பீர்கள்.

ஐந்து விதமாகத் தொடங்கிப் பார்த்தேன். 'இரண்டாயிரமாவது ஆண்டில் பச்சைத் தேயிலையின் விலை சரிந்ததைத் தொடர்ந்து...' அரசாங்க அறிக்கை மாதிரி இருந்தது. 'குன்னூரில் அன்று பனி...' குன்னூரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் பனியில்தான்...

சரி, நேராகவே வருகிறேன். நான் கீர்த்திவாசன். அப்போது குன்னூரில் ஒரு தேயிலைத் தரகர் அலுவலகத்தில் எழுத்தர். ஏலத்துக்கு வந்த தேயிலை வாங்க ஆளில்லாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கே எங்கள் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு கோவையிலிருந்து வரும் நாளிதழை, அச்சிட்டவர் பெயர் வரைக்கும் படிப்போம். அப்படிப் படிக்கிறவனுக்கு எட்டாம் பக்கத்துக் கீழ்மூலையில் வந்த 'ஊட்டுக்காரர்' (கோவைப் பக்கத்துப் பேச்சில் வீட்டுக்காரர், அதாவது கணவர்) என்ற சித்திரத் தொடரைப் பற்றி அபிப்பிராயம் வராமல் இருக்காது. எனக்கு ஒரு கடிதம் கொள்ளுமளவுக்கு வந்தது.

2

கடிதத்தை அப்படியே தருகிறேன்.

'ஐயா, ஊட்டுக்காரரின் மனைவி ஆறு வருடமாகக் கையில் பூரிக்கட்டையோடு நிற்கிறார். அந்த வீட்டில் ஒருநாளும் பூரி சுட்டதாகத் தெரியவில்லை. மேனேஜர் தலையில் மூன்று முடி. ஆறு வருடத்தில் ஒன்றுகூட உதிரவில்லை. என்ன எண்ணெய் என்று தெரிவித்தால் நலம். மூன்றாவது கட்டத்தில் யாராவது ஜோக்கைக் கேட்டு மல்லாந்து விழுகிறார்கள், பாதம் மட்டும் தெரிகிறது. எங்கள் ஊரில் பாசி வழுக்கி விழுந்தவர்கள் உண்டு, ஜோக்குக்கு விழுந்தவர் இல்லை. ஊட்டுக்காரரும் தினம் பேப்பர் படிக்கிறார். அதில் சித்திரத் தொடர் வருகிறதா? அதற்காவது அவர் சிரிக்கிறாரா? சமீப காலமாக ஜோக்குகள் ஆறி, ஆடை படிந்து வருகின்றன. இவருக்கு ஓய்வு கொடுக்கலாம்.'

கடைசி வரியை இப்போது அடித்துவிடலாமா என்று யோசித்தேன். கதையில் அடிக்கலாம். நாளிதழில் அது அச்சாகிவிட்டது.

அலுவலகத்தில் எல்லாரும் சத்தமாக வாசித்துச் சிரித்தார்கள். அனுராதா மட்டும் சிரிக்கவில்லை. (எங்கள் தட்டச்சர். அருவங்காட்டிலிருந்து வருகிறவர்.)

"ஏனுங்க, அதை வரையறது எங்க பக்கத்து ஊட்டு மரகதக்கா. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது. கோவையில் யாரோ ஒரு வழுக்கைத்தலைக் கிழவர் என்றே நினைத்திருந்தேன்.

"படம்தான் அவங்க. ஜோக்கெல்லாம் அவங்க ஊட்டுக்காரர் ஏகநாதன் சொல்றது. தேயிலை பேக்டரில டீ மேக்கருங்க, இலையைத் தூளாக்கற வேலை. பேக்டரியைச் சாத்தி எட்டு மாசமாச்சு. உங்க லெட்டரைப் படிச்சதுலருந்து மனுசன் வாயே தொறக்கறதில்லையாம்."

3

(முதல் வரைவில் மரகதத்தை அழவைத்திருந்தேன். அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.)

ஞாயிற்றுக்கிழமை அரைக்கிலோ வர்க்கி பிஸ்கட் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவரின் விரல்களில் கறுப்பு மை. பெயரைச் சொன்னேன்.

"லெட்டர் எழுதுனவருங்களா? உள்ள வாங்க."

சன்னலோரம் ஒருவர் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். தொடரைப் பாராட்டி இன்னொரு கடிதம் எழுதுவதாகச் சொன்னேன்.

"பொய்யெல்லாம் எழுத வேண்டாமுங்க" என்றார் மரகதம். என்னை அடுப்படிப் பக்கம் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "பூரிக்கட்டை எனக்கே சலிச்சுப்போச்சு. பேக்டரி நின்னதுலருந்து அவரு சொல்ற எதுக்கும் சிரிப்பு வரலீங்க. ஆனா காலைல எந்திரிச்சு அவரு யோசிக்கிறது அது ஒண்ணைத்தான். நான் எப்படிங்க நல்லாயில்லைன்னு சொல்றது? நீங்க சொல்லலாம். வாராவாரம் வந்து மொகத்துக்கு நேரா சொல்லுங்க. சிரிப்பு வராம மட்டும் சிரிச்சுப்போடாதீங்க."

அவர் தாழ்த்தியது போதவில்லை. சன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

"மேனேஜர் முடி விசயத்துல நீங்க எழுதுனது தப்புங்க. நான் வேலை பாத்த எடத்துல அவருக்கு நெசமாவே மூணுதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏகநாதன் திரும்பி என் முகத்தை நிதானமாகப் பார்த்தார். அது நிஜமானதா என்று சரிபார்த்தார் என்று நினைக்கிறேன்.

4

பதினொரு ஞாயிறுகள் போனேன். அவர் சொல்வார். நான் "இல்லீங்க" என்பேன். அவர் வேறொன்று சொல்வார். இரண்டு தடவை கோபித்துக்கொண்டு எழுந்து போனார். பூரிக்கட்டை ஒழிந்தது. பிறகு, யார் சொல்லி என்று நினைவில்லை, தொடரில் ஊட்டுக்காரருக்கும் வேலை போனது.

அந்த வாரங்களில் வந்தவை நல்ல படங்கள். இதை நட்புக்காகச் சொல்லவில்லை. ஒன்றில், மதியச் சங்கு ஊதுவதற்காக ஊட்டுக்காரர் தட்டின் முன்னால் காத்திருக்கிறார். ஆலை மூடிக் கிடக்கிறது. மூன்றாவது கட்டத்தில் மனைவி சொல்கிறாள்: "வேணும்னா நான் ஊதட்டுங்களா?" யாரும் மல்லாந்து விழவில்லை.

பன்னிரண்டாவது வாரம் நாளிதழிலிருந்து மரகதத்துக்குக் கடிதம் வந்தது. 'பக்கக் குறைப்பின் காரணமாகவும் வாசகர் கருத்தை முன்னிட்டும்' தொடர் நிறுத்தப்படுகிறது.

படித்துவிட்டு நான் நிமிரவில்லை. மரகதம் கடிதத்தை வாங்கி மடித்தார்.

"எந்த வாசகர்னு போடலீங்களே" என்றார்.

5

முடிவுகள்.

ஒன்று: வேறொரு பத்திரிகை அவர்களைத் தேடி வருகிறது. வரவில்லை.

இரண்டு: தேயிலை விலை ஏறுகிறது, ஆலையின் கதவு திறக்கிறது, மூன்று முடி மேனேஜர் வாசலில் நின்று... இதை என்னால் முடிக்க முடியவில்லை.

நடந்தது இது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணிக்கு டிசைன் வரையும் வேலை மரகதத்துக்குக் கிடைத்தது. ஒரு காலை நேரம், சாமான் ஏற்றிய டெம்போ அருவங்காடு சாலையில் நின்றது. மரகதம் முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஏகநாதன் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். (பறித்த இலையை ஈரம் போக உலர்த்துவதைத் தொழிற்சாலையில் வாட்டுவது என்பார்கள். ஜோக்கை விளக்கக் கூடாது. அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.)

"இருவத்திரண்டு வருசம் நான் தேயிலையை வாட்டுனனுங்க. இப்ப அது என்னை வாட்டிப்போட்டுது."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். வண்டிக்குள்ளிருந்து மரகதமும் பார்த்தார்.

இந்த இடத்தை ஏழு முறை எழுதி, ஏழு முறையும் அடித்துவிட்டேன். என் முகம் என்ன செய்தது என்று எழுதப்போவதில்லை. மேலே அவர் சொன்ன வரியைப் படித்தபோது உங்கள் முகம் என்ன செய்ததோ, அதையே இங்கே வைத்துக்கொள்ளுங்கள். அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். பொய் மட்டும் வேண்டாம்.