மாளிகையைக் காலி செய்த நாள்

தலைவர் பதவியை விட்டுப் போகிறார் என்று ஊரே கொண்டாடியபோது நான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்லது நடந்தாலே எனக்கு ஆகாது என்று மனைவி கிண்டலடித்தாள். என்ன செய்ய, பிறவிக் குணம்.

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் பெட்டி தூக்குகிறவன் நான். மாளிகையைக் காலி செய்ய எங்களைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே தலைவர் மக்களுக்குக் கடைசியாகப் பேசிக்கொண்டிருந்தது வாசல் ஒலிபெருக்கியில் கேட்டது. நாற்காலியை யாரும் கட்டிக்கொண்டு அழக்கூடாது என்றார். இனி பயப்படாமல் மனதில் பட்டதைத் தெருவில் நின்று பேசுங்கள், அதுதான் என் அறிவுரை என்றார். குரல் தழுதழுத்தது. பலே ஆள்.

‘புத்தகங்கள்’ என்று எழுதியிருந்த பெட்டியைத் தம் பிடித்துத் தூக்கினேன். பொசுக்கென்று மேலே வந்து முகவாயில் இடித்தது. அடுத்ததும் அப்படித்தான். உள்ளே ஒன்றுமே இல்லை. திருதிருவென்று விழித்த என் தோளில், மாளிகை சார்பில் மேற்பார்வை பார்த்த மீசைக்காரர் கை போட்டார்.

"கொஞ்சம் கஷ்டப்பட்டுத் தூக்குப்பா. டிவில பாக்குறாங்கல்ல."

முக்கி முனகித் தூக்கினேன். நினைப்பெல்லாம் தம்பி மேல்தான். தலைவரைத் திட்டிப் பேசிவிட்டு ஊர் ஊராக ஒளிந்து திரிந்தவன், அவர் போகிறார் என்று நம்பி வீடு திரும்பியிருந்தான். கூடத்தில் மாட்டியே ஆகவேண்டிய தலைவர் படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டு, சாயங்காலம் நாற்சந்தியில் பேசப் போவதாகச் சொல்லியிருந்தான். மீசைக்காரர் பாதியிலேயே காரில் கிளம்பிவிட்டார். வேலை முடிந்ததும் நான் ஓடினேன்.

நாற்சந்தியில் நல்ல கூட்டம், டிவி கேமராக்கள் வேறு. தம்பி மேடையில் நின்றான். அவன் உயரத்துக்கு மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தவர் அதே மீசைக்காரர்.

பாய்ந்து ஏறி மைக்கைப் பிடுங்கினேன். வாயில் வந்ததைக் கத்தினேன்.

"தலைவரே, எங்கள விட்டுட்டுப் போகாதீங்க."

கூட்டம் காறித் துப்பியது. தம்பியைத் தரதரவென்று கீழே இழுத்தேன். மீசைக்காரர் தடுக்கவில்லை, கைதட்டினார்.

மறுநாள் எல்லா டிவியிலும் என் மூஞ்சிதான். மக்களின் கண்ணீரைத் தாங்க முடியவில்லையாம், தலைவர் இருக்கப் போகிறாராம். பெட்டிகளைத் திரும்ப இறக்கவும் எங்களையே கூப்பிட்டார்கள்.

படத்தை நான்தான் மறுபடி மாட்டினேன். தம்பி என் முகத்தில் முழிப்பதில்லை. ஆனால் வீட்டில்தான் இருக்கிறான்.