இருபத்தைந்தாம் வயதுக் கண்டம்

என் பெயர் லெரின் பர்னாந்து. வயது இருபத்து நான்கு. ஜப்பானில் கோச்சிப் பக்கம் ஒரு துறைமுகத்தில், சூரை மீன் படகில் மூன்று வருடமாகத் தூண்டில் போடுகிறேன். நன்றாக இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன வாரம் படகு வேலையே போக இருந்தது.

இந்தப் பருவத்தில் எங்கள் படகுக்கு எதுவுமே சரியில்லை. முதல் தடவை எஞ்சின் நின்றது. அடுத்த தடவை இரைக்கு வைத்திருந்த உயிர் மத்தி மொத்தமும் தொட்டியிலேயே செத்தது. மூன்றாவது தடவை எங்கள் படகு முதலாளி, சம்மாட்டி ஒகாபயாஷியே கடலில் விழுந்தார். ஆள் தொண்ணூறு கிலோ. நான்கு பேர் சேர்ந்து இழுத்தோம். மேலே வந்ததும் தண்ணீரைத் துப்பிவிட்டு என்னைக் கை காட்டினார்.

"லேய், உனக்கு இருபத்தஞ்சுல்லா? கண்டம்ல அது! நீதாம்ல பீடை."

"இருபத்திநாலுதான் சம்மாட்டி."

"அது உங்க ஊர்க் கணக்கு."

இங்கே கண்டத்துக்கு மட்டும் பழைய கணக்கு. பிறக்கும்போதே ஒரு வயது. அப்புறம் பிறந்த நாள் கிடையாது, புத்தாண்டுக்குப் புத்தாண்டு ஒன்று கூடும். அப்படி எண்ணினால் எனக்கு இருபத்தைந்து.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மலைக்கோயிலில் கண்டம் கழிக்க வேண்டும், இல்லையென்றால் திங்கட்கிழமை படகில் இடமில்லை, பருவம் முழுக்க ஐஸ் கொட்டகைதான் என்றார். ஐஸ் கொட்டகைக்குப் போனவன் திரும்பப் படகேறி நான் பார்த்ததில்லை.

நான் ஏமாற்றிவிடுவேன் என்று அவரே கூட வந்தார். அவர் வீட்டுக்காரி சதோமி அக்காவும் வந்தார், வேடிக்கை பார்க்க.

அறுநூறு வருடத்துக் கோயில். நானூற்றுப் பதினெட்டுப் படி. அந்தக் காலத்துச் சாமிக்கு ஆளைப் பார்க்கவே பிடிக்காது போல, அவ்வளவு உயரத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. முந்நூறாவது படியில் சம்மாட்டி மல்லாந்துவிட்டார், அதுவும் நட்டநடுவில். நடுவழி சாமிக்கு, நாம் ஓரமாகத்தான் நடக்க வேண்டும்.

"எந்திரிங்க, சாமி வார வழில கெடக்கீங்க," என்றார் அக்கா.

"வரட்டும். வந்து ஒரு கை புடிச்சுத் தூக்கி விடட்டும்."

சாமி வரவில்லை. நான்தான் தூக்கினேன்.

மேலே கை கழுவி, வாய் கொப்பளித்துத் திரும்பினால் ஒரு பெரிய பலகை. இந்த வருடம் யார் யாருக்குக் கண்டம் என்று பிறந்த வருடத்தை எழுதி வைத்திருந்தார்கள். என் வருடம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் சிவப்பில், பெருங்கண்டம், நாற்பத்திரண்டு வயது. அக்கா அந்த வருடத்தைப் படித்தார். பிறகு புருஷனைப் பார்த்தார்.

"இது நீங்க பொறந்த வருசம்லா?"

"எனக்கு நாப்பத்தொண்ணுதான். அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"அவனுக்குப் பழைய கணக்கு, ஒங்களுக்கு மட்டும் லைசென்ஸ் கணக்கா?"

சம்மாட்டி பலகையை முறைத்தார், அது எழுத்தை மாற்றிக்கொள்ளும் என்பது போல. விரல் விட்டு எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். முகம் மத்தி மாதிரி வெளுத்தது.

எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ. "அப்ப ஐஸ் கொட்டகைக்கு ரெண்டு பேருமா போறோம் சம்மாட்டி?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா சிரித்த சிரிப்பில் பூசாரி வெளியே வந்துவிட்டார். "படகுக்குப் போனா ரெண்டு பேரும் போங்க. இல்ல, ரெண்டு பேரும் ஐஸ் ஒடைங்க. ஒத்தப் பீடைய மட்டும் கரைல விட்டுட்டுப் போற கதை வேண்டாம்," என்றார் அக்கா.

"படகுல யாருகிட்டயும் சொல்லப்படாது," என்றார் சம்மாட்டி, ரொம்பத் தாழ்ந்த குரலில்.

"என் எடம்?"

"இருக்குல, இருக்கு. மொதல்ல உள்ள வா."

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டோம். பூசாரி எங்கள் பெயர், விலாசம் எல்லாம் சாமிக்குப் பாடிக் காட்டினார். பர்னாந்து என்கிற இடத்தில் மூன்று தடவை தடுக்கினார். மாதா கோபிக்க மாட்டாள், நான் வேலைக்காகத்தான் குனிந்தேன். வெள்ளைக் காகிதக் கொத்தை எங்கள் தலைக்கு மேல் ஆட்டினார், கண்டம் கழிந்தது. எழுந்தபோது கால் மரத்து சம்மாட்டி என் மேலேயே விழுந்தார்.

நாளை விடியலில் படகு கிளம்புகிறது. படகின் முன்முனையில், அணியத்தில் என் பழைய இடம், என் பழைய தூண்டில். கரை விட்டதும் போன் எடுக்காது. ஆகவே ஊரில் இதை வாசிக்கிறவர்கள் தயவுசெய்து அம்மாவிடம் சொல்லுங்கள்: பதினைந்து நாள் என்னிடமிருந்து அழைப்பு வராது, பயப்பட வேண்டாம்.