எட்டாவது ஆணி

டெய்லருக்கு அந்தப் பலகையைக் கண்டாலே ஆகாது. இரண்டு முழ நீளம், வரிசையாக எட்டு ஆணி, ஆணிக்கு ஒரு துணி. பழைய நீலப் படுக்கை விரிப்பைக் கையால் கிழித்த துண்டுகள். எண்ணெயும் கரியும் ஏறி எல்லாமே ஒரே அழுக்கு. குப்பையில் போட வேண்டிய கந்தலுக்கு ஆணி அடித்து மரியாதை செய்கிறானே இந்தத் தம்பி என்று ஆரம்பத்திலிருந்தே அவருக்கு எரிச்சல்தான்.

தம்பி மெக்கானிக். டெய்லரின் பழைய கடைக் கட்டடத்தை இடித்தபோது, தன் ஒர்க்‌ஷாப்பின் முன் அறையைக் காலி செய்து கொடுத்தவன் அவன்தான். நடுவில் ஒரே ஒரு கதவு. இந்தப் பக்கம் நூலும் பொத்தானும், அந்தப் பக்கம் ஸ்பேனரும் கிரீஸும். தம்பி நல்லவன், அதில் சந்தேகமில்லை. ஆனால் கோபம் வந்துவிட்டால் எதிரே நிற்பது அண்ணனா அடுத்தவனா என்று பார்க்கமாட்டான். மூன்று வாரத்துக்கு முன்னால் தையல் மெஷினைத் துடைக்க டெய்லர் அந்தத் துணிகளில் ஒன்றை எடுத்துவிட்டார். அவ்வளவுதான், வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர் கையைத் தூக்கியபடி நிற்க, "இன்னொரு தடவை என் துணியைத் தொட்டா மெஷினைத் தூக்கி ரோட்டுல வெச்சிடுவேன்" என்றான். அளவு கொடுத்தவர் டெய்லரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயதில் அப்படி ஒரு பேச்சு வாங்கினால் அது லேசில் மறக்குமா?

ஷெட்டில் அப்போது நின்றது ஒரு சின்ன சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, கூரை கிடையாது. அது தம்பி மனைவியுடையது. அவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வாரம் முழுக்க முகத்தை மூடிக்கொண்டு மெதுவாகப் பேசுகிறவள், ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரில் ஏறினால் வேறு ஆள். நேரம் பார்த்து ஓட்டும் போட்டிகளுக்குப் போவாள், கடைசியாக வருவாள். "என்ன, தையல் மெஷினை ஓட்டிட்டு வந்துட்டீங்களா" என்று அங்கே கிண்டல் செய்வார்களாம். அவள் சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். டெய்லருக்குத்தான் கோபம் வந்தது. என் மெஷின் ஓடுகிற வேகம் இவர்களுக்குத் தெரியுமா என்று இரண்டு நாள் முனகினார்.

அதனால்தான் இந்த வேலை. விபத்தில் நசுங்கிய பெரிய கார் ஒன்றிலிருந்து காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வைத்த என்ஜினைக் கழற்றி எடுத்து வந்தான் தம்பி. சின்ன வண்டியின் வயிற்றில் அது நுழையவே மாட்டேன் என்றது. ரேடியேட்டரை முன்னால் தள்ளி, தகட்டை வெட்டி, என்ஜின் உட்காரும் தாங்கிகளைப் புதிதாக வெல்டு வைத்து, டர்போவிலிருந்து என்ஜினுக்குக் காற்று போக முழங்கைத் தடிமனில் ஒரு வளைந்த பைப் போட்டு, ஆறு வாரம் ஆனது. டெய்லரும் சும்மா இருக்கவில்லை. இரண்டு சீட்டுக்கும் புது உறை தைத்தார், பெல்ட்டுக்குத் தோள்பட்டை மெத்தை வைத்தார்.

வியாழக்கிழமை மதியம் தம்பி பைப்பை இறுக்க ஏதோ கிளாம்ப் வாங்கப் போயிருந்தான். டெய்லர் தன் அறையைக் கூட்டிய கையோடு ஷெட்டையும் கூட்டினார். அந்தக் கூச்சலுக்குப் பிறகு பலகைப் பக்கமே திரும்பாதவர், அன்று பார்த்தார். எட்டாவது ஆணி காலி.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் தொடவே இல்லையே, இல்லை, தொட்டேனா, கூட்டும்போது வெட்டுத்துணியோடு சேர்ந்து போய்விட்டதா? குப்பைக் கூடையைக் கவிழ்த்தார். மெஷினுக்கு அடியில் தவழ்ந்து பார்த்தார். கிடைக்கவில்லை. வந்தவுடன் பலகையைத்தான் முதலில் பார்ப்பான். பார்த்தால் மறுபடியும் அதே கூச்சல். அலமாரியில் அதே நீல விரிப்பின் மிச்சம் கிடந்தது. ஒரு துண்டு வெட்டினார். வெட்டியதை அப்படியே விட்டிருக்கலாம், ஆனால் நூல் பிரியுமே என்று கை கேட்கவில்லை, நாலு ஓரத்தையும் மடித்து ஒரு தையல் ஓட்டிவிட்டார். பழைய எண்ணெய்த் தட்டில் முக்கி, தரையில் தேய்த்து, எட்டாவது ஆணியில் மாட்டினார். தம்பி வந்தான், பலகையைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் வேலையைத் தொடர்ந்தான். அப்பாடா என்று டெய்லர் போய் ஒரு பேண்டைத் தைத்து முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் ஊருக்கு வெளியே இருந்த பழைய ஓடுதளத்துக்குப் போனார்கள். விமானம் இறங்கி வருஷக்கணக்கான இடம். சிமென்ட் பிளவுகளில் புல் முளைத்திருந்தது. ஒரு கோடியில் வெட்டவெளி, மறு கோடியில் இடிக்காமல் விட்ட கொட்டகையின் கான்கிரீட் சுவர். நடுவில் வேனை ஓரங்கட்டினார்கள். பலகையும் கூடவே வந்திருந்தது. அதைப் பிடித்துக்கொள்ளும் வேலை டெய்லருக்கு.

"அத்தான், அதைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. எண்ணிக்கிறேன்" என்றாள் நர்ஸ், காரில் உட்கார்ந்தபடி.

"இந்தக் கந்தலை எதுக்கும்மா இங்க வரைக்கும் சுமக்கணும்?"

"உங்க தம்பி சொல்லவே இல்லையா? எங்க தியேட்டர்ல வயித்தை மூடித் தைக்கிறதுக்கு முன்னாடி பஞ்சை எண்ணுவோம். உள்ள போனது அத்தனையும் வெளிய வந்தாத்தான் தையல். அதை நான்தான் இவருக்குப் பழக்கிவிட்டேன். என்ஜினைப் பிரிச்சுப் போட்டா, தூசி விழாம இருக்க ஒவ்வொரு பைப் வாயிலயும் ஒரு துணியைச் சொருகுவார். ஆணி காலியா இருந்தா துணி உள்ள இருக்குன்னு அர்த்தம். எட்டும் மாட்டியிருந்தா மூடலாம், ஓட்டலாம்." விரலை நீட்டி எண்ணினாள். "எட்டு. சரி." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

டெய்லர் பலகையை மெதுவாக இறக்கினார். ஆணி காலி என்றால் துணி உள்ளே. வியாழக்கிழமை துணி தொலையவில்லை. இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்திருக்கிறது. கிளாம்ப் வாங்கி வந்தவன் பலகையைப் பார்த்து, எல்லாம் வெளியே வந்தாயிற்று என்று பைப்பை மூடிவிட்டானா?

சொல்லியிருக்க வேண்டாமா அந்த நிமிஷமே? அதுதான் இல்லை. அதற்குள் கார் கிளம்பிவிட்டது. முதல் ஓட்டம் மெதுவாகத்தான். போனது, திரும்பியது, ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இருந்தால் ஓடியிருக்குமா, ஓடாது, அப்படியென்றால் எங்கேயோ விழுந்துதான் போயிருக்கும் என்று டெய்லர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மனுஷனுக்கு ரோஷம் வருகிற நேரத்தைப் பாருங்கள். அவள் எதிரில் தம்பியிடம் பேச்சு வாங்குவதைப் பற்றித்தான் அப்போதும் அவர் நினைப்பு.

"கொஞ்சம் மூச்சு முட்டுற மாதிரி இருக்கு" என்றாள் நர்ஸ். "மிதிச்ச அளவுக்கு இழுக்கலை."

"சூடாகட்டும். டர்போ இன்னும் வேலையே செய்யலை" என்றான் தம்பி. தூரத்தில் ஓரமாக நிறுத்தியிருந்த மஞ்சள் டிரம்மைக் காட்டினான். "வெட்டவெளிப் பக்கத்திலிருந்து வா. டிரம் வரைக்கும் பாதி மிதி. டிரம்மைத் தாண்டினதும் முழுசா. எங்களைத் தாண்டினதும் காலை எடுத்துடு, சுவருக்கு முன்னாடி நிக்க இடம் தாராளமா இருக்கு. லைட்டை ரெண்டு தடவை போட்டுட்டுக் கிளம்பு."

அவள் போனாள். கார் சின்னதாகிக்கொண்டே போயிற்று. டெய்லர் தம்பி பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். ஒரு துணி உள்ளயே தங்கிட்டா என்ன ஆகும்?"

"எங்க தங்குச்சுங்கிறதைப் பொறுத்தது."

"இந்த வளைஞ்ச பைப்புல?"

"சும்மா ஓட்டுறப்ப வளைவுல கிடக்கும், தெரியாது. முழுசா மிதிச்சா டர்போ காத்து அதை அப்படியே தள்ளிட்டுப் போய் த்ரோட்டில் தகட்டுல சொருகிடும். நாம காலை எடுத்தா அந்தத் தகடுதான் காத்து போற வழியை மூடணும். துணி சொருகிட்டா மூடாது. வண்டி நிக்காது."

"நிக்காதுன்னா?"

"நிக்காதுன்னா நிக்காது. கிளட்சை மிதிக்கலாம், சாவியைத் திருப்பலாம். யோசிக்க நேரம் வேணுமே. அந்தச் சுவர் வரைக்கும் எத்தனை செகண்ட் இருக்குன்னு நினைக்கிற?" தம்பி சிரித்தான். "அதுக்குத்தானே இந்தப் பலகை."

தூரத்தில் விளக்கு இரண்டு முறை எரிந்து அணைந்தது.

"எட்டாவது துணி நான் மாட்டினதுடா" என்றார் டெய்லர்.

"என்ன?"

"வியாழக்கிழமை ஆணி காலியா இருந்துச்சு. தொலைச்சுட்டேன்னு நினைச்சு நானே ஒண்ணு வெட்டி மாட்டிட்டேன்."

"விளையாடாத. எட்டு இருக்கு, நானே பாத்தேன்."

"இதைத் தொட்டுப் பாரு. ஓரத்துல தையல் இருக்கு." எட்டாவது ஆணியிலிருந்து பிடுங்கி அவன் கையில் திணித்தார்.

தம்பி ஓரத்தைத் தடவினான். விரல் ஒரு பக்கம் முழுக்கப் போய், மூலை திரும்பி, அடுத்த பக்கம் போனது. வாயைத் திறந்தான், குரல் வரவில்லை. ஊரே கேட்கக் கத்துகிறவன், கத்த வேண்டிய நேரத்தில் மரம் போல நின்றான்.

டெய்லர் ஓடினார். வேனிலிருந்து டிரம் இருநூறு தப்படி. ஓடிப் பழகாத கால், வருஷம் முழுக்க மெஷினை மிதித்த முழங்கால். கையில் பலகை இருந்ததையே அவர் உணரவில்லை. எதிரே சிவப்பாக ஒரு புள்ளி பெரிதாகி வந்தது. அதன் சத்தம் தையல் மெஷின் சத்தமாக இல்லை. ஓரத்தில் நின்று கையை ஆட்டினால் வாழ்த்துகிறார் என்று நினைத்துக்கொள்வாளே என்று தோன்றியதும் அவர் ஓடுதளத்தின் நட்டநடுவில் ஏறினார். டிரம் இன்னும் முப்பது தப்படி இருந்தது, கார் அதற்கு அந்தப் பக்கம். பலகையைத் தலைக்கு மேல் தூக்கினார். கண்ணை மூடிக்கொள்ளத்தான் ஆசை, மூடவில்லை.

அவள் முழுசாக மிதித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். மிதிக்கவில்லை. பிரேக்கில் டயர் கிறீச்சிட்டுக் கார் ஒரு பக்கம் இழுத்து, டிரம்மை உரசினாற்போல் தாண்டி, அவருக்குப் பத்தடி முன்னால் வந்து நின்றது. ரப்பர் கருகிய வாடை அடித்தது. அவள் முதலில் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தாள். பிறகு ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள். அவரைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தாள்.

"ஏழு" என்றாள்.

தம்பி ஓடிவந்து பானட்டைத் திறந்தான். கிளாம்பைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரை வைத்தான், நழுவியது. மறுபடி வைத்தான், மறுபடி நழுவியது. நர்ஸ் அதை அவன் கையிலிருந்து வாங்கி நாலு திருகில் கழற்றினாள். பைப்பின் வாயில் இரண்டு விரலை விட்டு இழுத்தாள். நீலத் துணி சுருண்டு வந்தது. வளைவைத் தாண்டி நகர்ந்திருந்தது, தகட்டுக்கு நாலு விரல்கடைதான் மிச்சம்.

தம்பி அப்படியே சிமென்டில் உட்கார்ந்துவிட்டான். டெய்லர் மூச்சு வாங்கிக்கொண்டு காத்திருந்தார். திட்டட்டும், அடிக்கட்டும், இன்றைக்கு எதற்கும் தயார்.

"திட்டுடா" என்றார்.

"துணி காணோம்னதும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கலாம்."

"ஏன் கேக்கலை?"

டெய்லர் நர்ஸைப் பார்த்தார். அவள் இருக்கிறாளே என்ற கூச்சம் போன இடம் தெரியவில்லை. "பயமா இருந்துச்சுடா. உன்னைப் பாத்து."

அண்ணன் திணித்ததிலிருந்து உள்ளங்கையில் கசங்கிக் கிடந்த துணியைத் தம்பி முழங்காலில் விரித்தான். சின்னச் சின்னத் தையல், நாலு ஓரமும் நேர்கோடு. கட்டைவிரலால் அதை நீவினான்.

"அழுக்கு வேற தடவியிருக்க."

"ஆமா. எண்ணெய்த் தட்டுல முக்கினேன்."

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. நர்ஸ் அவன் தலையில் ஒரு நிமிஷம் கையை வைத்துவிட்டுப் பைப்பைத் திரும்ப மாட்டினாள், கிளாம்பை இறுக்கினாள், வெளியே வந்த துணியை எட்டாவது ஆணியில் தொங்கவிட்டாள்.

"எண்ணுங்க" என்றாள்.

"நீ எண்ணுண்ணா" என்றான் தம்பி.

டெய்லர் எண்ணினார். ஒவ்வொரு துணியாக எடுத்து, ஓரம் பிரிந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து எண்ணினார். எட்டு. பிறகு தம்பியிடம் கையை நீட்டினார்.

"அதைக் குடு. கிழிச்சுப் போட்டுடறேன்."

தம்பி எழுந்தான். தையல் போட்ட துணியை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"இது என்கிட்டயே இருக்கட்டும். அடுத்த தடவை நான் கத்த வாயைத் திறந்தா, பையில கைய விடச் சொல்லு."

நர்ஸ் காரில் ஏறி ஹெல்மெட்டை மாட்டினாள். டிரம்மைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், இவர்கள் இருவரையும் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஓரமா போங்க" என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினாள்.